மயானமும் உள்ளூராட்சியும்: புத்தளக் கரையோர வரலாற்றில் ஒரு பகுதி

ஒரு நாட்டின் ஆட்சிமுறையை அளந்தறிய விரும்பும் வரலாற்றாசிரியர் பல கருவிகளைக் கைக்கொள்வர். வரி அறவிடும் முறையை ஆராய்வோர் உளர். நீதிமன்றங்களை ஆராய்வோர் உளர். குளங்களையும் வீதிகளையும் ஆராய்வோரும் உளர். இறந்தோரை அடக்கும் நிலத்தை ஓர் ஊர் எவ்வாறு காத்தது, அந்நிலத்தின்மேல் எவருக்கு அதிகாரம் இருந்தது, அவ்வதிகாரம் எக்காலத்தில் எவர் கைக்கு மாறிற்று என்பனவற்றை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. ஆயினும், ஆட்சிக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள உறவு மயானத்தில் வெளிப்படுவதுபோல வேறெங்கும் வெளிப்படுவதில்லை. வரி கொடாதவன் உண்டு. வழக்குக்குச் செல்லாதவன் உண்டு. மயானத்திற்குச் செல்லாதவன் எவனுமில்லை.

இவ்வாராய்ச்சிக்கு இலங்கையின் மேற்குக் கரையிலே தகுந்த களம் ஒன்று உண்டாயின், அது புத்தளக் கரையோரமே. தெற்கே மா ஓயாவின் முகத்துவாரந் தொடக்கம், வென்னப்புவை, மாறவிலை, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என நீண்டு, வடக்கே வில்பத்துக் காட்டின் ஓரமாயுள்ள பொன்பரப்பி வரை செல்லும் இக்கரையில், இந்துக்களும் இஸ்லாமியரும் கிறித்தவரும் பௌத்தரும் அயலயலாக வாழ்ந்து வருகின்றனர். நாற்சமயத்தவரும் அயலயலாக வாழுமிடத்தில் நாற்சமயத்தவரின் இறந்தோரும் அயலயலாகவே துயில்வர். அந்நிலங்களை மேற்பார்வை செய்யும் பொறுப்பு, ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டாக, உள்ளூராட்சி மன்றங்களின் கடமைகளுள் ஒன்றாயிருந்து வருகின்றது.

சொற்கள் கூறும் வரலாறு

ஈழத்துத் தமிழ் வழக்கில் இந்நிலத்திற்கு வழங்கும் பெயர்கள் கருதத்தக்கவை. சைவர் தம் தகன நிலத்தைச் சுடலை என்றும் மயானம் என்றும் வழங்குவர். கத்தோலிக்கர் தம் அடக்க நிலத்தைச் சேமக்காலை என்பர். சேமம் என்பது காப்பு. காலை என்பது இடம். உயிர்த்தெழும் நாள்வரை உடலைச் சேமித்து வைக்கும் இடம் என்னும் நம்பிக்கை அச்சொல்லின் உள்ளே நிற்கின்றது. இஸ்லாமியர் மையவாடி என்பர். இறந்தவரைக் குறிக்கும் மையித்து என்னும் அரபுச்சொல், வாடி என்னும் நாட்டுச்சொல்லோடு இணைந்து, கரையோர மக்களின் நாவிலே பிறந்த கூட்டுச்சொல் அது. இவற்றோடு சட்டப்புத்தகத்திற் காணும் பொது மயானம் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. முந்திய மூன்றும் மக்கள் இட்ட பெயர்கள். இறுதியாயது அரசாங்கம் இட்ட பெயர். முந்திய மூன்றும் சமயத்தைச் சுட்டுவன. இறுதியாயது சமயத்தைச் சுட்டாதது. இவ்வேறுபாட்டிலேயே பின்வரும் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

பொன்பரப்பித் தாழிகள்

இக்கரையின் மிகப் பழைய மயானம் புத்தளத்திற்கு வடக்கே, கலா ஓயா கடலோடு கலக்கும் பகுதிக்கு அண்மையில், பொன்பரப்பியில் உள்ளது. 1920ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், ஏ. எம். ஹோகாட் தொல்பொருள் ஆணையாளராயிருந்தபோது, அங்கு தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பின்னர் 1956–57லும் 1970லும் மேலும் அகழ்வுகள் நடைபெற்றன. பெரிய மட்டாழிகளுள் மனித எலும்புகளும், கறுப்புச் சிவப்பு மட்கலங்களும், உலோகப் பொருள்களும் கிடைத்தன. ஒரே தாழியுள் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் காணப்பட்டமையும் குறிக்கத்தக்கது. 1876இல் யாகோர் என்பாரும், 1899 தொடக்கம் அலெக்சாந்தர் ரே என்பாரும் தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அகழ்ந்துகண்ட தாழிக்காட்டோடு இதனை ஒப்பிட்டுக் காட்டும் அறிஞர் பலர்.

இத்தாழிகளை ஆக்கியோர் யாவர், அவர் எம்மொழி பேசினர் என்பன ஈண்டு ஆராயப்படுவன அல்ல. உள்ளூராட்சியின் வரலாற்றுக்கு வேண்டிய உண்மை வேறொன்று. பொன்பரப்பி நிலம் ஒரு குடும்பத்தின் புதைநிலமன்று. ஒரு தலைமுறையின் புதைநிலமுமன்று. பல தாழிகள் ஓரிடத்தில், ஒரே முறைமையில், பல ஏக்கர்ப் பரப்பில் அடுத்தடுத்து இடப்பட்டுள்ளன. இன்ன நிலம் இறந்தோர்க்கு உரியது, இதனை உழுதலாகாது, இதிற் குடியிருத்தலாகாது, இன்ன முறையில் இதனுள் இடவேண்டும் என்று யாரோ வரையறுத்தனர். பலர் அவ்வரையறைக்கு அடங்கி நடந்தனர். எழுதப்பட்ட சட்டம் இல்லாத காலத்திலும் மயான ஒழுங்கு இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஊரின் கையிலிருந்த காலம்

இடைக்காலத்தில் இக்கரைக்கு வணிகர் பலர் வந்தனர். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பதூதா என்னும் அரபுப் பயணி தாம் இறங்கிய துறையைப் பத்தாலா என்று குறிக்கின்றார். அது புத்தளமே என்பது பெரும்பாலார் கருத்து. முத்தும் உப்பும் கறுவாவும் இக்கரைக்கு மனிதரைக் கொண்டுவந்தன. வந்தோருட் சிலர் திரும்பிச் சென்றனர்; சிலர் இங்கேயே வாழ்ந்து இம்மண்ணிலேயே அடங்கினர். முஸ்லிம் ஊர்களிலே பள்ளிவாசலும், கத்தோலிக்க ஊர்களிலே கோயிற்பற்றும், சைவ ஊர்களிலே குடிமைத் தொழிலாளரோடு கூடிய ஊர்ப் பெரியோரும் இறந்தோர்க்குரிய நிலத்தைப் பராமரித்தனர். அக்காலத்தில் மயானத்திற்கு இடாப்பு இல்லை; ஊரின் நினைவே அதன் இடாப்பாயிற்று.

ஒல்லாந்தர் கற்பிட்டியைக் கைப்பற்றி, அங்கு 1667ஆம் ஆண்டிற் கோட்டை கட்டத் தொடங்கியபின், எழுத்தில் அமைந்த ஒழுங்கு ஒன்று இக்கரைக்கு வந்தது. பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றைத் தோம்புகளிற் பதிந்தவர் அவர். தம்முள் இறந்தோரைக் கோயிலின் உள்ளும் அதன் வளவிலும் அடக்கி, பெயரும் நாளும் பொறித்த கல்லை மேலே பதிப்பது அவர் வழக்கம். கற்பிட்டியிலுள்ள ஒல்லாந்தர் கோயிலில் அத்தகைய கற்கள் இன்றும் உள்ளன. இலங்கையின் கல்லறை எழுத்துக்களைத் திரட்டி 1913ஆம் ஆண்டில் நூலாக்கிய ஜே. பென்றி லூயிஸ் என்னும் சிவில் சேவை உத்தியோகத்தர், சிதைந்து மறையும் கற்களிலிருந்தும் ஒரு நாட்டின் வரலாற்றை மீட்கலாம் என்பதைக் காட்டினார். எனினும், கல் நாட்ட வசதி பெற்றோரின் பெயர் மாத்திரமே அந்நூலில் இடம்பெற இயலும். வலை இழுத்தோரும் உப்பு வாரினோரும் பெயரில்லா மணலுள் உறங்கினர். இக்குறையை நீக்க வேண்டுமாயின், கல்லுக்குப் பதிலாக அனைவரையும் பதியும் ஏடு ஒன்று தேவையாயிற்று.

கற்பிட்டியிற் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராயிருந்து, 1834ஆம் ஆண்டில் இலங்கை பற்றிய இடவிவரக் கோவை ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி (1807–1860) இக்கரையோரத்தின் தலைசிறந்த அறிஞர். பின்னர் சட்டநிருபண சபையிலும் அமர்ந்து, சிலாபத்தில் நீதிபதியுமானார். ஊரை அறிந்தவன் அதை எண்ணிப் பதிய வேண்டும் என்னும் புதுமுறை, சுதேசிகள் கையிலும் செழித்தது என்பதற்கு அவர் வாழ்க்கை எடுத்துக்காட்டு. அவர் மறைந்து ஏழாண்டுகளின்பின், 1867இல், பிறப்பு இறப்புக்களைப் பதியும் பொதுச்சட்டம் இலங்கையில் வந்தது. அதன்வழி, எச்சமயத்தவராயினும் எச்சாதியினராயினும், இறந்தவர் பெயர் அரசாங்க ஏட்டில் ஏறும் காலம் பிறந்தது.

சுகாதாரமும் சட்டமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளில் மயானம் சமய நிலையத்திலிருந்து நகரசபையின் கைக்கு மாறியது. பிரான்சில் 1804ஆம் ஆண்டுக் கட்டளை, நகரங்களுள்ளும் கோயில்களுள்ளும் அடக்கம் செய்வதைத் தடுத்து, ஊருக்கு வெளியே மயானம் அமைக்கச் செய்தது. இங்கிலாந்தில் 1852ஆம் ஆண்டின் சட்டம் இலண்டனின் நெருங்கிய கோயில் வளவுகளை மூடவும் புதிய மயானங்களைப் பொதுச்செலவில் அமைக்கவும் வழி செய்தது. வாந்திபேதிக் கொள்ளைநோயின் அச்சமே இம்மாற்றத்திற்குத் தலையாய காரணம். அவ்வலை இலங்கையையும் எட்டிற்று. கொழும்பில் காலிமுகத்திடலுக்கு அண்மையிலிருந்த பழைய புதைநிலம் கைவிடப்பட்டு, 1866ஆம் ஆண்டளவிற் பொரளையிற் பொது மயானம் அமைந்தது.

இதே காலத்திலேயே உள்ளூராட்சியும் உருப்பெற்றது. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் மாநகரசபைகளைத் தோற்றுவித்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் கிராமங்களுக்கும், 1876ஆம் ஆண்டுச் சட்டம் நடுத்தரப் பட்டினங்களுக்கும் வழிவகுத்தது. பிந்தியதன்வழி அமைந்த உள்ளூர்ச் சபைகளில் அரசாங்க அதிபரே தலைமை வகித்தார். உத்தியோகத்தரும் தெரிவுசெய்யப்பட்டோரும் உடனமர்ந்தனர். அத்தகைய சபை பெற்ற பட்டினங்களுட் புத்தளமும் ஒன்று. 1899ஆம் ஆண்டில் 9ஆம் இலக்க மயானங்கள், புதைகாடுகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. பொது மயானங்களை அமைத்தல், அவற்றின் பகுதிகளை வெவ்வேறு சமயத்தவர்க்கு ஒதுக்கல், இடாப்புப் பேணல், சுகாதாரத்திற்குக் கேடாய புதைகாட்டை மூடுதல் ஆகிய கருமங்களை அது ஒழுங்குபடுத்திற்று. பிற்காலத்தில் 1939ஆம் ஆண்டின் நகரசபைச் சட்டம், 1946ஆம் ஆண்டின் பட்டினசபைச் சட்டம், 1947ஆம் ஆண்டின் மாநகரசபைச் சட்டம், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் எனச் சபைகள் பெயரும் வடிவமும் மாறினும், மயானக் கடமை மாறாது தொடர்ந்தது. 1987இல் வந்த பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தமும் அடக்கமும் தகனமும் பற்றிய விடயத்தை மாகாணசபைகளின் பட்டியலிலே சேர்த்தது.

இச்சட்டங்களின் அடியில் இரு கொள்கைகள் உள்ளன. ஒன்று, இறந்தவர் உடலால் இருப்போர் உடலுக்குக் கேடு வாராது காத்தல். மற்றையது, இறந்தவர் சமயத்தை மதித்தல். முன்னையதற்குச் சுகாதாரம் என்று பெயர். பின்னையதற்கு அறம் என்று பெயர். ஒன்றுக்காக மற்றையதைக் கைவிட வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணமன்று. இரண்டையும் ஒருங்கே நடத்தும் இடம் உள்ளூர்ச் சபை என்பதே அதன் எண்ணம்.

சபையும் கச்சேரியும்

சட்டம் சபையிடம் கடமையை ஒப்படைத்ததாயினும், அக்கடமையைத் தனித்து ஆற்றச் சபையால் இயலாது. மயானத்திற்கு முதலில் வேண்டுவது நிலம். இலங்கையில் வெற்று நிலத்தின் பெரும்பகுதி முடிக்குரியதாயிருந்து, பின்னர் அரசுக்குரியதாயிற்று. ஆதலால், நிலம் கச்சேரியிடம், பராமரிப்புச் சபையிடம். இடம் தகுந்ததா எனச் சொல்லுதல் சுகாதார வைத்திய அதிகாரியிடம். இறப்பைப் பதிதல் பதிவாளரிடம். இறந்தவர் இன்னார் என உறுதி சொல்லும் பணி ஊர்த் தலைமைக்காரரிடம் இருந்து, 1963இல் அம்முறை நீங்கியபின் கிராம சேவகரிடம் வந்தது. கிரியை நடத்துதல் குருக்களிடமும், பள்ளிவாசலிடமும், பங்குச் சுவாமியாரிடமும், விகாரையிடமும் உள்ளது. முஸ்லிம் அறக்கொடை நிலங்கள் 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டத்தின் கண்காணிப்புக்கும் உட்பட்டன.

ஒரு சாதாரண மரணம் நிகழும்போது இத்தனை கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இயங்குகின்றன. விடியலில் இறந்தவர் மாலையில் அடக்கமாவதற்குள், பதிவுத் துண்டு எழுதப்படுகின்றது. குழி வெட்டப்படுகின்றது அல்லது விறகு அடுக்கப்படுகின்றது. சபையின் காவலாளி ஏட்டிற் குறிக்கின்றான். எவரும் இதனை ஆட்சி என்று எண்ணுவதில்லை. எண்ணாதிருப்பதே அவ்வாட்சி நன்கு நடைபெறுகின்றது என்பதற்கு அடையாளம்.

கற்பிட்டிக் குடாநாட்டின் நிலம் இவ்விடயத்தில் ஒரு தனிச்சிக்கலை உடையது. மணற்பாங்கான அந்நிலத்தில் நன்னீர் மிக ஆழத்தில் இல்லை; சில முழம் தோண்டினால் நீர் ஊறும். அந்நீரையே மக்கள் கிணற்றில் மொண்டு குடித்தனர். அதனையே தோட்டத்திற்கும் இறைத்தனர். அத்தகைய நிலத்தில் கிணற்றுக்கும் புதைகுழிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருத்தல் வேண்டும் என்பது ஏட்டுச் சுரைக்காயன்று; அன்றாட வாழ்க்கைக்குரிய வினா. அதனைத் தலைநகரில் அமர்ந்திருப்போர் விடுக்க இயலாது. எவ்வளவில் எந்த மாதத்தில் நீர் ஏறும் என்பதை அறிந்தோர் அவ்வூராரும் அவ்வூர்ச் சுகாதார உத்தியோகத்தருமே.

1981ஆம் ஆண்டில் கிராமசபைகளும் பட்டினசபைகளும் கலைக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. பிரதேச சபைகளுக்கு முதற்றேர்தல் நடைபெற்றது 1991இல். இடைப்பட்ட பத்தாண்டுகளில், கிராமங்களில் மக்கள் தெரிவுசெய்த அண்மைச் சபை இல்லாதிருந்தது. மயானத்தின் வேலி சாய்ந்தால் முறையிட வேண்டிய இடம் எது என்று ஊரார் வினவும் நிலை ஏற்படக்கூடிய காலம் அது. இச்செய்தி சிறிதெனத் தோன்றும். ஆயினும், அண்மையிலுள்ள அதிகாரம் மறையும்போது சேய்மையிலுள்ள அதிகாரம் அதன் இடத்தை நிரப்புவதில்லை என்பது பின்னர் பெரிதாக வெளிப்பட்டது.

சாதி என்னும் வேலி

பொது மயானம் என்ற சொல்லைச் சட்டம் எழுதியவுடன் மயானம் பொதுவாகிவிடவில்லை. சைவத் தமிழர் இதனை மறத்தல் கூடாது. யாழ்ப்பாணத்தில் 1944ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் தம்முள் இறந்தவரை வில்லூன்றி மயானத்திற் தகனஞ்செய்ய முயன்றபோது, துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து, அவருள் ஒருவர் உயிரிழந்தார். உயிரற்ற உடலை எரிக்க உயிருள்ள ஒருவர் மடிய நேர்ந்தது. மயானங்காக்கும் அரிச்சந்திரன் கதையைக் கூத்திலே கண்டு கண்ணீர் வடித்த சமூகத்திலேயே இது நடந்தது என்பது உள்ளத்தை வருத்துவது. வழக்கத்தின் பெயரால் வேலி இட்டோரை விலக்கி, மயானம் யாவர்க்கும் உரியது என நிலைநாட்டும் கடமை பொது அதிகாரத்திற்கு உண்டு. ஆதலால், மயானத்தில் அரசாங்கத் தலையீடு எப்போதும் தீதென்று கூறுதல் பொருந்தாது. ஊரின் அறிவு தேவை. ஊரின் அநீதியைத் திருத்தும் சட்டமும் தேவை.

வந்தோரும் வாழ்ந்தோரும்

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களினின்று வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்திற்கு மேற்பட்ட அம்மக்களிற் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டி, முந்தல் முதலிய பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். கிடுகுக் குடிசைகளில் வாழ்க்கை தொடங்கிற்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பிறந்த முதியோர் ஊர் திரும்பும் நாளை எண்ணியபடியே புத்தளக் கரையில் மறைந்தனர். புத்தள மண்ணே அவர்க்கு அடக்கநிலமாயிற்று. விருந்தளித்த ஊரின் மையவாடி வந்தோர்க்கும் திறந்தது.

ஈண்டு உள்ளூராட்சிக்கு ஒரு நுண்ணிய சிக்கல் எழுந்தது. வந்தோருட் பலர் நெடுங்காலம் தம் பழைய மாவட்டங்களின் வாக்காளர் இடாப்பிலேயே இருந்தனர். சபையின் எல்லைக்குள் வாழ்வோர் தொகை ஒன்று. சபையைத் தெரிவுசெய்வோர் தொகை வேறொன்று. நீர், குப்பை, வீதி, மயானம் ஆகிய யாவற்றின் சுமையும் முன்னைய தொகையால் ஏறிற்று. வாக்காளர் அல்லாதவரும் மடிவர். அவரையும் அடக்க வேண்டும். உள்ளூராட்சியின் கடமை வாக்கோடு முடிவதன்று என்பதை இக்கரையோரம் போல் வேறெவ்விடமும் உணர்ந்திராது.

2020: ஒழுங்கு குலைந்த காலம்

கொள்ளைநோய் இக்கரைக்குப் புதிதன்று. 1934–35ஆம் ஆண்டின் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. தெதுறு ஓயா, மா ஓயா ஆற்றுப்பகுதிகள் அதனால் மிகவும் அல்லலுற்றன. அவ்விரு ஆறுகளும் கடலை அடைவது இக்கரையிலேயே. அத்துணைப் பெரிய அழிவிலும், எரிப்போர் எரித்தனர், புதைப்போர் புதைத்தனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் இலங்கையிற் கொவிட் பெருந்தொற்றால் முதல் மரணம் நிகழ்ந்தது. அங்ஙனம் மரித்தவர் இக்கரையிலுள்ள மாறவிலையைச் சேர்ந்தவர். அடக்கமும் தகனமும் இரண்டும் ஏற்புடையனவே என்று உலக சுகாதார நிறுவனம் அம்மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது. எனினும், ஏப்பிரில் 11ஆம் நாள் வெளியான வர்த்தமானி அறிவித்தல், அந்நோயால் மரித்தோர் யாவரையும் தகனமே செய்தல் வேண்டும் என விதித்தது. நிலத்தடி நீர் மாசுறும் என்பது கூறப்பட்ட காரணம். முஸ்லிம்களுக்கும், அடக்கத்தையே விரும்பிய கிறித்தவருக்கும் இது தாங்கொணாத் துயராயிற்று. உயர்நீதிமன்றில் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனுக்கள் 2020 திசம்பர் 1ஆம் நாள் தள்ளப்பட்டன. அம்மாதத்திலேயே இருபது நாட் பாலகனின் உடல் பெற்றோர் விருப்பின்றித் தகனஞ் செய்யப்பட்டது. பொரளை மயானத்து வேலியிற் சமய வேறுபாடின்றி மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர்.

நிலத்தடி நீர் பற்றிய கவலை வெற்றுக் கவலையென்று கூறுவதற்கில்லை. கற்பிட்டி போன்ற நிலத்தில் அது என்றுமுள்ள கவலை. அதற்குச் சட்டம் ஏற்கெனவே விடை தந்திருந்தது. தகுந்த இடத்தைத் தேர்க, தகாத இடத்தை மூடுக என்பதே அவ்விடை. இடத்திற்கு இடம் ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டிய ஒன்றை, நாடு முழுமைக்கும் ஒரே விதியாக ஆக்கியமையே பிழை. இலங்கை வைத்தியச் சங்கமும் சமுதாய வைத்தியர் கல்லூரியும் அடக்கத்தை அனுமதிக்கலாம் எனக் கருத்துரைத்தன. மறுதலையாக, மாலைதீவில் அடக்கம் செய்வது பற்றியும் பேச்சு எழுந்தது. சொந்த நாட்டில் மரித்தவனுக்குப் பிறநாட்டில் ஆறடி தேடும் நிலை வந்ததெனின், மயான ஆட்சி எவ்வளவு சீர்குலைந்தது என்பது வெளிப்படை.

ஓட்டமாவடியின் கொடை

2021 பெப்ரவரி 25ஆம் நாள் விதி தளர்த்தப்பட்டது. முதலில் இரணைதீவு குறிக்கப்பட்டது. நெடுநாட் போராட்டத்தின்பின் தம் தீவுக்கு மீண்டிருந்த மீனவர் அதனை எதிர்த்தனர். அவரைக் கலந்துகொள்ளாமலே அவர் நிலத்தைக் குறித்தமை, முன்னைய பிழையின் மறுவடிவமே. அந்நிலையில், மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபையின் எல்லையிலுள்ள ஓட்டமாவடி, மஜ்மா நகர், சூடுபத்தினசேனை நிலம் ஏற்கப்பட்டது. நீர்மட்டம் ஆழ்ந்த நிலம் அது. மார்ச்சு 5ஆம் நாள் முதல் உடல் அங்கு அடக்கப்பட்டது. அடுத்த ஓராண்டு முழுவதும் நாட்டின் எத்திசையில் மரித்தவரும் அங்கேயே கொண்டுசெல்லப்பட்டனர். 2022 மார்ச்சில் அவ்விதி நீங்கும்போது, மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்டோர் அந்நிலத்தில் அடங்கியிருந்தனர். அவருட் பெரும்பாலார் முஸ்லிம்கள். ஏனைய சமயத்தவரும் அவரோடு உறங்குகின்றனர்.

புத்தளத்திலிருந்து ஓட்டமாவடிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. மேற்குக் கடலோரத்தில் மரித்தவரைக் கிழக்குக் கடலோரத்திற்கு, அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் கடந்து, இலங்கையின் குறுக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் மூதாதையர் உறங்கும் மையவாடி இருக்க, ஒரு தந்தையின் கபுறடிக்குச் செல்ல மகன் ஒரு நாட்பயணம் செய்ய வேண்டியவனானான்.

ஆயினும், அவ்வோராண்டில் ஓட்டமாவடியில் நடந்த பணி போற்றத்தக்கது. பிரதேச சபை, பிரதேச செயலகம், சுகாதாரப் பகுதியினர், படையினர், பள்ளிவாசற் பொறுப்பாளர், ஊர்த் தொண்டர் ஆகிய யாவரும் ஒருங்கே இயங்கினர். குழிகள் வரிசையாக வெட்டப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிடப்பட்டது. வருவாயிற் சிறிய சபை ஒன்று, நாடு முழுவதற்கும் உரிய சுமையைத் தன் தோளில் ஏற்றது. மேலிடத்து ஆணை நாட்டைப் பிரித்த காலத்தில், கீழிடத்துச் சபை ஒன்று நாட்டைத் தாங்கிற்று. 2024 யூலையில், கட்டாயத் தகனத்திற்காக அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு நன்று, ஆயினும், எரிந்த உடலுக்குக் கபுறடி இல்லை.

வரலாறு உணர்த்துவன

இக்கரையோர வரலாற்றினின்று மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, மயானத்தின் உயிர்நாடி அதன் இடாப்பு. கல் நாட்ட இயலாதவனையும் பெயரோடு நினைவில் நிறுத்துவது அதுவே. மழையிலும் செல்லிலும் அழியும் பழைய ஏடுகளைப் பிரதிசெய்து காத்தல், சபைகள் தாழ்த்தாது செய்யவேண்டிய பணி. இரண்டாவது, நிலம். மக்கள் பெருக, கரையோரத்தில் நிலம் சுருங்குகின்றது. சிங்கப்பூர் 1998 தொடக்கம் அடக்கக் காலத்தைப் பதினைந்து ஆண்டாக வரையறுத்துள்ளது. அத்தகைய நெருக்கடி வருமுன், அயற்சபைகள் தத்தம் எல்லையை மட்டும் நோக்காது, மாவட்டச் செயலகத்தோடு கூடி, நீர்மட்டம் அறிந்து, எதிர்காலத்திற்கு நிலம் ஒதுக்குதல் விவேகமாகும். புத்தளம் நகரசபை இப்போது மாநகரசபையாக உயர்ந்துள்ளது. உயர்ந்த பெயருக்கு உயர்ந்த பொறுப்பும் உண்டு.

மூன்றாவது, இவ்விரண்டினும் மேலானது. சுகாதாரம் என்னும் சொல்லும் வழக்கம் என்னும் சொல்லும் தம்மளவில் நல்லன. ஆயினும், முன்னதைக் கருவியாக்கி 2020இல் ஒரு சமூகம் துன்புறுத்தப்பட்டது. பின்னதைக் கருவியாக்கி 1944இல் ஒரு சமூகம் மயான வாயிலில் தடுக்கப்பட்டது. இரண்டிடத்தும் அல்லலுற்றோர் எளியோரே. ஊரை அறிந்த சபையும், ஊரைக் கடந்து நோக்கும் சட்டமும், இரண்டையும் கலந்து நடத்தும் உத்தியோகத்தரும் ஒருவரை ஒருவர் கண்காணித்து ஒத்துழைக்கும் இடத்திலேயே இத்தகைய கொடுமை தடுக்கப்படும். பொன்பரப்பியில் தாழி வைத்தோர் தம்முள் இறந்தோரை மதிப்போடு மண்ணில் இட்டனர். எழுத்தும் சட்டமும் சபையும் பெற்ற பிற்காலத்தார் அதனினும் குறைந்தது செய்தல் தகாது.